கொடித்திடல்

காவலாளியின் மணிக்கட்டு முறிந்தபோது பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. ஈர விறகை ஒடித்தால் வருமே, அப்படி மந்தமாக ஒன்று. பத்தடி தள்ளி, வேரோடு பிடுங்கிய மரக்கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறம்தான் அவன் அலறினான்.

அவள் புருஷன் அந்தக் கையை அப்போதும் விடவில்லை.

தெருவில் அவனுக்கு முறுக்கன் என்று பேர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை நனைத்து எடுத்தால் ஒரு குழந்தையின் எடை இருக்கும். ஆளுக்கொரு முனை பிடித்து இரண்டு பேர் முறுக்க வேண்டியதை அவன் ஒரு முனையைத் தூணில் மாட்டிவிட்டு ஒற்றை ஆளாக முறுக்குவான். கடைசிச் சொட்டு விழுந்ததும் நிறுத்துவான். அதற்குமேல் அரைச் சுற்று சுற்றினால் இழை அறுந்துவிடும். பதினைந்து வருஷத்தில் அவன் கையில் ஒரு துணி கிழிந்ததில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரியும் என்பான்.

அன்று காலை அவன் நிறுத்தவில்லை.

காவலாளி ஒன்றும் அந்நியன் இல்லை. அடுத்த தெருக்காரன். திடலின் புது வேலிக்குக் காவல் வந்த முதல் வாரத்திலேயே அக்காவிடம் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, "கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடுங்க அக்கா, கன்னுங்க என்னைப் பாத்து பயப்படணும்" என்று சிரித்தவன். தெருவில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவள் அக்காதான். இதற்கு முன் இரண்டு முறை தெருக்காரர்கள் கன்றுகளைப் பிடுங்கியபோது அவன் தெருமுனைக்குப் போய்விட்டான். முதல் முறை ஆடு தின்றுவிட்டது என்று எழுதினான். இரண்டாம் முறை காற்று என்று எழுதினான். மூன்றாம் முறையும் போனால் வேலை போய்விடும் என்று குறுக்கே வந்து கையை நீட்டினான். நீட்டிய கை முறுக்கன் பிடிக்குள் போய்விட்டது.

"நான் நட்டேனா அண்ணே" என்று அதற்கு முன்பு காவலாளி கேட்டான். "எனக்கு எத்தனை கன்னு உசுரோட இருக்குன்னு சொல்றதுதானே வேலை?"

"இனிமே இந்தக் கையால எண்ணு" என்று முறுக்கன் திருகினான்.

அக்கா கையிலிருந்த கன்றைக் கீழே போட்டாள். வேரில் ஒட்டியிருந்த மண் அவள் கால்விரல்மேல் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது. கொடித்திடலின் மண் குளிர்ச்சியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

*

திடல் என்றால் அவர்களுக்கு அது வெயில்தான். நாலு பக்கமும் கட்டிடம் எழும்பிய பிறகும் அந்த ஒரு செவ்வகத்தில் காலை முதல் மாலை வரை நிழலே விழாது. கவைக்கம்புகள் நட்டு, இரட்டைப் புரிக் கயிறு கட்டி, புரிகளுக்கு நடுவே விரிப்பின் நுனியைச் சொருகுவார்கள். கவ்வி போட மாட்டார்கள். கவ்வி துருப்பிடித்தால் கறை. முப்பது வீட்டுத் துணியும் அங்கேதான் காயும். கோடையில் ஒரு விரிப்பு காய முக்கால் மணி நேரம் போதும்.

தரையை அவர்கள் பார்த்துக்கொள்வது தனி வேலை. பச்சை என்று ஒரு முளை தலை காட்டினால் யார் கண்ணில் படுகிறதோ அவர் குனிந்து பிடுங்கிவிட வேண்டும். புல்லின் சாறு பட்டால் வெள்ளைத் துணியில் போகவே போகாது. ரத்தம் போகும், எண்ணெய் போகும், மை கூடப் போகும். மரம் இருந்தால் நிழல், இலை, பறவை எச்சம். அதனால் இரண்டு தலைமுறையாகப் பெருக்கிப் பெருக்கி, பிடுங்கிப் பிடுங்கி, திடலை உள்ளங்கை மாதிரி வைத்திருந்தார்கள். அதில் நடந்தால் செருப்பு சுடும்.

அந்தச் சூடுதான் வினையாக வந்தது. நகரம் எங்கெல்லாம் கொதிக்கிறது, எங்கே மரம் நட்டால் தணியும் என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி நடந்தது. மண் பார்க்கிறவர் ஒருத்தர், மரம் பார்க்கிறவர் ஒருத்தர், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கிறவள் ஒருத்தி, மனிதர்களைப் பார்க்கப் பெரிய மேடம். முறுக்கன் அப்போதே சொன்னான்: "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். கண்ணுக்கு ஒருத்தர், காலுக்கு ஒருத்தர். ஆள் போயிட்டா மட்டும் யாரும் பாக்கலைம்பாங்க."

வானத்துப் படத்தில் திடல் அடர் சிவப்பாக இருந்ததாம். இருபது வருஷப் படங்களை அடுக்கிப் பார்த்தாலும் ஒரு புல் இல்லை. ஆனால் படத்தை மட்டும் நம்பக்கூடாது, நேரில் ஆள் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அப்படி நடந்து பார்க்கிற வேலையில் சேர்ந்தவர்களில் ஒருவன் அக்காவின் தம்பி.

அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். அவன் படித்து முடிக்கும்வரை அக்கா ஒரு நாளைக்கு ஐம்பது விரிப்பு கூடுதலாகத் தேய்த்தாள். அவன் பங்குக்கு வந்த வரைபடக் கட்டங்களில் சொந்தத் தெருவும் இருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம்தான் வந்தான். அவள் ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்து ரத்தம் பட்டதைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிலம் எதுக்குப் பயன்படுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. சலவைன்னு எழுதட்டுமா?"

அவள் கை நின்றது. போன வருஷம்தான் நகரத்தின் மறுகோடியில் இரண்டு சலவைத் துறைகளுக்குச் சீல் வைத்திருந்தார்கள். சோப்புத் தண்ணீர் கால்வாயில் கலக்கிறது என்று காரணம். இவர்களுடைய தொட்டிகள் வீட்டு வரிசைக்குப் பின்னால், தகரக் கூரைக்கும் தகரக் கதவுக்கும் உள்ளே இருந்தன. வானத்திலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். தொட்டியிலிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள்ளேயே ஓடி அதே கால்வாயில் இறங்கியது. அது யாருக்கும் தெரியாது. தெருவுக்கு மட்டும் தெரியும்.

"சலவைன்னு எழுதினா தண்ணி எங்க போகுதுன்னு அடுத்த கேள்வி வராதா?"

"வரும்" என்றான் தம்பி. "அதுக்கு அடுத்த கட்டமே அதுதான்."

"அப்ப சும்மா கிடக்குன்னு எழுது."

"பொய்க்கா."

"தொட்டியை மூடினா முப்பது வீடு. சும்மா கிடக்கிற நிலத்தை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?"

நேரில் பார்க்க வர நாள் சொன்னதும் அவள்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கயிறுகளை எல்லாம் அவிழ்த்து அண்டாவில் போட்டு வேகவைப்பார்கள். இல்லாவிட்டால் கயிற்றில் பூஞ்சை பிடித்து, துணி நுனியில் கரும்புள்ளி விழும். கயிறு வேகும் நாளில் கவைக்கம்புகளையும் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அன்றைக்குத் திடலில் ஒரு நூல் இருக்காது. "அன்னைக்கு உங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வா" என்றாள். அவன் கூட்டிவந்தான். திடலின் நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்தார்கள். படிவத்தில் அவன் கையெழுத்திலேயே எழுதினான்: பயன்பாடு ஏதுமில்லை.

அவன் என்ன எழுதினான் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. முறுக்கனுக்கும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்து வேலிக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. பலகை நட்டார்கள். பயன்பாடற்ற நிலம், முதல் கட்டப் பசுமையாக்கம் என்று எழுதியிருந்தது. கயிறுகளை அறுத்து ஓரமாகப் போட்டார்கள். ஈர விரிப்புகள் புழுதியில் கிடந்தன.

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டோம் என்று அக்காவுக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

*

மணிக்கட்டு முறிந்த அன்றே மதியத்தில் முறுக்கனைப் போலீஸ் கூட்டிப்போனது. மூன்றாம் நாள் விட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கியவன் பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்து வந்தான். உள்ளங்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அக்கா வெந்நீர் கொண்டுவந்தாள். அவன் அதை எட்டி உதைத்தான். உதைத்த வலியில் அவனே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை பேரு அடிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தன்தான். நல்லா வேலை தெரிஞ்சவன். எங்கயும் கிழியல பாரு."

வீட்டுக்குள் கொடி கட்டி மூன்று வாரமாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈரத்துணி முகத்தில் அடித்தது. சோற்றில்கூட சலவைச் சோடா வாடை. காயாத விரிப்புகள் புளிப்பு நாற்றம் எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூட்டை திரும்பி வந்தன. நோயாளி நாறலாம், விரிப்பு நாறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

அன்று மாலை தம்பி வந்தான். மாமனுக்கு என்று ஒரு களிம்புக் குழாய் வாங்கி வந்திருந்தான். முறுக்கன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படிச்ச மச்சான் இருந்தா இதுதான் லாபம். அடி வாங்கினா மருந்து வரும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மச்சானிடம் அவனுக்குப் பெருமை உண்டு. அவன் படம் போட்ட கல்லூரி அட்டை இன்னும் முறுக்கனின் பெட்டிக்குள்தான் இருந்தது.

தொட்டிப் பக்கம் ஒதுங்கியபோது தம்பி அவளிடம் மெல்லச் சொன்னான். பெரிய மேடம் கலங்கிப்போயிருக்கிறார். ஒரு மனிதனின் கை உடைகிற அளவுக்கு வெறும் நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நாளைக்கு நேரில் வருகிறார். தாள் தப்பு என்று தெருக்காரர்களே சொன்னால் திருத்தலாம். திருத்தினால் வேலி போகும். ஆனால் சலவை என்று எழுதினால் தண்ணீர்க் கட்டத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டும். கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டித்தரச் சொல்லி அதே தாளில் கேட்க முடியும். கிடைக்கும் என்று அவனால் சத்தியம் பண்ண முடியாது. சீல் வைத்தாலும் வைப்பார்கள்.

"திடல் போனாலும் சாவு, தொட்டி போனாலும் சாவு" என்றாள்.

"திடல் போயிடுச்சுக்கா. தொட்டிதான் மிச்சம். நான் பொய் எழுதினேன்னு நானே சொல்லிடறேன்."

"உன் வேலை?"

"போகும்."

"என் பேரு?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை.

"உன் பேரு எதுக்கு வருது?" என்றான் தம்பி.

*

பெரிய மேடம் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். நரைத்த தலை, தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தெரு முழுவதும் வேலிக்குப் பக்கத்தில் கூடியிருந்தது. நிற்க முடியாததால் முறுக்கன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து விரிப்பு ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான். மேடம் வந்ததற்காக அவன் வேலையை நிறுத்தவில்லை.

மேடம் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை வீடு, ஏன் முன்பே சொல்லவில்லை. கடைசிக் கேள்வியில் கூட்டம் கொதித்தது. எங்களை யார் கேட்டார்கள், எந்த நாய் வந்து கேட்டது என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். மேடம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருக்கு வஞ்சம் ஒன்றும் இல்லை. குழப்பம்தான். கேட்காமல் எழுதவில்லை, உங்கள் தெருப் பையனே நடந்து பார்த்து எழுதியது என்று சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி தாளைத் தூக்கிப் பிடித்தார். கீழே கையெழுத்து. பக்கத்தில் வெறும் திடலின் நாலு படங்கள்.

தம்பி வாய் திறப்பதற்குள் முறுக்கன் எழுந்துவிட்டான். வீங்கிய காலோடு அவன் எப்படி அவ்வளவு வேகமாக வந்தான் என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நீயா மச்சான்?"

"ஆமா மாமா. நான்தான் எழுதினேன்."

முறுக்கிய ஈர விரிப்பு உலக்கைக்குச் சமம். முதல் அடி காதோடு விழுந்தது. தம்பி வேலியில் மோதிச் சாய்ந்தான். இரண்டாவது தோளில். மூன்றாவது, முகத்தை மறைத்த கையின்மேல். மேடம் குறுக்கே போனார். யாரோ அவரை இடுப்பைப் பிடித்து இழுத்து ஓரம் தள்ளினார்கள். அவர் முட்டி தரையில் உரசித் தோல் கிழிந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள், அடிக்கத் தோதாக. அவர்களில் ஒருத்தி அவனுக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டியவள். "எங்க துணியில படிச்சவன்டா நீ" என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தாள்.

அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். அது அவள் வேண்டுமென்று செய்யவில்லை. துணி கல்லில் விழும்போது எண்ணிப் பழகிய மனசு. ஒரு பக்கத்துக்கு ஏழு அடி, பிறகு திருப்ப வேண்டும். நாலு. அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஐந்து. விரிப்பின் வெள்ளையில் ஒரு பூப்போலப் பரவியது. வெந்நீர் படக்கூடாது, பட்டால் கறை நின்றுவிடும், பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று மனசு தன்பாட்டுக்குச் சொல்லியது. தம்பி அவள் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பார்க்காமல் இருந்தான். ஆறு.

ஏழாவது அடிக்குக் கை ஓங்கியபோது அவள் நடுவில் போய் நின்றாள்.

"நான்தான் சொன்னேன்."

முறுக்கனுக்குப் புரியவில்லை. "தள்ளு" என்றான்.

"சும்மா கிடக்குன்னு எழுதச் சொன்னது நான். கயிறு வேகுற நாளாப் பாத்து அவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னதும் நான். அவன் பொய்ன்னு சொன்னான். நான்தான் எழுதுன்னேன்."

அடி அவள் கன்னத்தில் விழுந்தது. பல் உதட்டுக்குள் இறங்கியது. விழாமல் இருக்கக் கம்பி வேலியைப் பிடித்தாள். கம்பி கையைக் கீறியது. முறுக்கன் மறுபடி ஓங்கவில்லை. இறக்கவும் இல்லை. மூச்சு வாங்க நின்றான். "எதுக்குடி?" என்றான்.

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "தொட்டிக்கு."

தம்பியைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அவன் வேலியோரம் சரிந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் நேற்று முளைத்த புல் ஒன்று கன்றுக்குத் தண்ணீர் விட்ட குழியின் விளிம்பில் தலை நீட்டியிருந்தது. அக்கா குனிந்து அதைப் பிடுங்கினாள். பழக்கம். பிடுங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்திடம் நடந்தாள். மேடம் முட்டியில் மண்ணைத் தட்டக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தார்.

"வாங்க" என்றாள். "நிலம் எதுக்குப் பயன்படுதுன்னு காட்டறேன்."

எங்கே போகிறாள் என்று தெருவுக்கு உடனே புரிந்தது. ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்து வழியை மறித்தார்கள். பைத்தியக்காரி, குடியைக் கெடுக்கிறாள் என்றார்கள். ஒரு கல் அவள் முதுகில் பட்டது. முறுக்கன் பின்னாலிருந்து சொன்னது மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டது.

"கதவைத் திறந்தே, வெட்டிப் போட்டுடுவேன்."

சத்தமில்லாமல் சொன்னான். அவன் சத்தமில்லாமல் சொல்வது எதையும் செய்யாமல் விட்டதில்லை. ஆனால் தெரு அவள்மேல் கை வைக்கவில்லை. வாயில் ரத்தத்தோடு ஒருத்தி நேரே நடந்து வரும்போது எங்கே பிடித்து நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. வழி விட்டார்கள்.

தகரக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. ஐந்து தொட்டிகள், துணி அடிக்கும் கல் வரிசை, நீலம் கரைத்த அண்டா, தரையெல்லாம் வெள்ளை நுரை. மேடம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது ஊறவைக்கிறது, இது சோடா, இது அலசுவது. இங்கே வெளுத்து அங்கே காயவைக்கிறோம். அங்கே இல்லாவிட்டால் இது இல்லை. மேடம் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசித் தொட்டிக்கு அருகில் பேனா நின்றது. அடுத்த கட்டம் வந்துவிட்டது. மேடம் கேட்கத் தயங்கினார். பிறகு கேட்டார்.

"தண்ணி எங்கம்மா போகுது?"

கதவடியில் தெரு முழுவதும் நின்றிருந்தது. தம்பியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களைத் தள்ளிக்கொண்டு, பாதத்தின் ஓரத்தால் நடந்து, முறுக்கன் உள்ளே வந்தான். கையில் அதே விரிப்பு. அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் எட்டுத் தள்ளி வந்து நின்றான். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"கால்வாய்க்கு" என்றாள் அக்கா. "அந்த மூலையில குழாய் இருக்கு. என் மாமனார் போட்டது. எழுதிக்குங்க. சுத்தம் பண்ற தொட்டி வேணும்னு நாங்க கேக்கறோம், அதையும் எழுதிக்குங்க."

பின்னால் ஈரத்துணி காற்றில் எழும்பியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கழுத்தைச் சுருக்கிக் கண்ணை மூடினாள்.

அடி கல்லில் விழுந்தது.

தண்ணீர் அவள் முதுகில் தெறித்தது. பச்சைத் தண்ணீர். மறுபடியும் கல்லில் விழுந்தது. மறுபடியும். அவள் எண்ணினாள். ஏழுக்குப் பிறகும் அவன் திருப்பவில்லை. எட்டு, ஒன்பது என்று அதே பக்கத்தை அடித்துக்கொண்டே போனான். பதினொன்றில் துணி கிழிகிற சத்தம் நீளமாகக் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.